மூன்று அடியா, நான்கு அடியா

பாப்பா நடக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது நடப்பதே இல்லை, ஓட்டம்தான். குளியலறைக் கதவு திறந்திருந்தால் உள்ளே, வாசல் கதவு திறந்திருந்தால் வெளியே. இவ்வளவுக்குப் பிறகும் அவளுடைய குறிப்பேட்டில் 'முதல் அடி' என்று அச்சிட்ட பக்கம் போன வாரம் வரை காலியாகவே கிடந்தது. முதல் சிரிப்பு, முதலில் குப்புற விழுந்தது, முதல் பல் என்று மற்ற எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருக்கிறேன். சிலவற்றுக்கு மணிகூடக் குறித்திருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தால் மட்டும் பேனாவை எடுப்பேன், மூடியைக் கழற்றுவேன், அப்புறம் மூடி வைத்துவிடுவேன். இத்தனைக்கும் கைவசம் இரண்டு தேதிகள் இருந்தன. எதைப் போட்டாலும் யாரோ ஒருவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வது போலத் தோன்றும்.

ஐந்து நாள்

எங்களை வெளியூர் போய்விட்டு வரச் சொன்னது அத்தைதான். பாப்பாவுக்கு ஒரு வயது நிறையப்போகிற சமயம். பால்குடி மறந்திருந்தாள். இரவில் மூன்று தடவை எழுந்துகொண்டிருந்தவள் ஒரு தடவையோடு விட்டிருந்தாள். ஆனால் என் தூக்கம் திரும்பி வரவில்லை. அவள் அழாத இரவுகளிலும் எனக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். இருட்டில் அவள் நெஞ்சில் கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்தால் விடியும் வரை கண் மூடாது. ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்தபடியே நின்றேன். அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அத்தை வந்துதான் அணைத்தார். "கண்ணாடியில உன் முகத்தப் பாத்தியாம்மா? ரெண்டு பேரும் எங்கயாவது போய் அஞ்சு நாள் தூங்கிட்டு வாங்க. பாப்பாவ நானும் மாமாவும் பாத்துக்கறோம்" என்றார்.

முடியாது என்றேன். அவளைப் பிரிந்து இருப்பதைவிட எனக்கு வேறொரு பயம் இருந்தது. பாப்பா அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வர ஆரம்பித்திருந்தாள். சோபாவிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து டீப்பாய் என்று கையை மாற்றி மாற்றிப் போவாள். இன்றைக்கோ நாளைக்கோ கையை விட்டுவிடுவாள் என்று இருந்தது. அந்த நாளில் நான் வீட்டில் இல்லாமல் போய்விட்டால்? அத்தையிடம் சொன்னேன். "இவன் பதினஞ்சு மாசத்துலதான் நடந்தான். இவ அப்பனத்தான் கொண்டிருக்கா. இன்னும் நாள் இருக்கு, போயிட்டு வாங்க" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் கிளம்பினோம். பாப்பாவுக்கு அப்போது 13ஆம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

கடலோரத்தில் ஒரு சின்ன விடுதி. சுற்றிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை என்பதாலேயே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாள் நாங்கள் பேசியதெல்லாம் பாப்பாவைப் பற்றி. சாப்பிட்டிருப்பாளா, பகல் தூக்கம் தூங்கினாளா, நீல நிறப் போர்வையை எடுத்து வெளியில் வைத்தோமா. விடுதியில் பெயர் பதிய நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். என் கணவர் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக மெதுவாக அசைந்துகொண்டிருந்தார். தோளில் குழந்தை இருந்தால் எப்படி அசைவோமோ அப்படி. தோளில் பைதான் இருந்தது. "என்னங்க, யாரத் தூங்க வைக்கறீங்க?" என்று கேட்டேன். அவர் என் கால்களைக் காட்டினார். நானும் அசைந்துகொண்டுதான் நின்றிருக்கிறேன். இருவரும் சிரித்தோம். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியபிறகு எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே வேலையைத் தனித்தனி ஷிப்டில் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாம் நாள் பதினோரு மணி நேரம் தூங்கினேன். மூன்றாம் நாள் பேச்சு தீர்ந்துபோயிற்று. அது நல்லதாக இருந்தது. கல்யாணமான புதிதில் பேச்சு நின்றால் ஏதாவது கோபமோ என்று யோசிப்பேன். இப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை ஒன்றை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தார். நான் தலைக்குக் குளித்துவிட்டு, முடி காய்கிற வரை அப்படியே வெயிலில் உட்கார்ந்திருந்தேன். முடி தானாகக் காய்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது எனக்கு. குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

நான்காம் நாள் மாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்கரையில் தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். போன் அறையிலேயே இருந்தது. அலை வரும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணல் கரைந்து கால் கொஞ்சம் இறங்கும். அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கி, பக்கத்தில் இருப்பவர் முகம் சரியாகத் தெரியாமல் போனபோது எழுந்தோம். நடந்து வரும் வழியில்தான் உறைத்தது: கடந்த ஒரு மணி நேரமாகப் பாப்பாவை நான் நினைக்கவே இல்லை. அவள் பிறந்ததிலிருந்து விழித்திருக்கும் நேரத்தில் அப்படி ஒரு மணி நேரம் இருந்ததே இல்லை. அதற்காக நெஞ்சு திக்கென்று ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. உடம்பு முழுக்க லேசாக இருந்தது. அந்த மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையைப் பற்றி நெதர்லாந்தில் 1,530 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். பயணம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்களாம்; திரும்பி வந்தபிறகு போனவருக்கும் போகாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். மிகவும் ஓய்வாகக் கழித்தோம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் வந்த பிறகும் கொஞ்ச நாள் அந்தத் தெம்பு நீடித்திருக்கிறது. இரண்டு வாரம் வரை நன்றாகத் தெரிந்து, எட்டு வாரத்துக்குள் கரைந்துவிடுகிறது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தால், பின்னால் நடந்ததைக் கேட்டபோது நான் வேறு மாதிரி நடந்துகொண்டிருப்பேன். தூங்கி எழுந்த உடம்போடு கேட்டதால்தான் பொறுமையாகக் கேட்க முடிந்தது.

திரும்பி வந்த மாலை

ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தோம். பாப்பா அத்தையின் இடுப்பில் இருந்தாள். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பி அத்தையின் தோளில் புதைத்துக்கொண்டாள். இந்த வயதுக் குழந்தைகள் சில நாள் பிரிந்திருந்துவிட்டுத் தாயைப் பார்க்கும்போது இப்படித் திரும்பிக்கொள்வது சகஜம்தான், படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் உதவாது. பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றேன். அத்தை அவளை என்மேல் திணிக்கவில்லை. "கொஞ்ச நேரம் சும்மா இரு. உன்னப் பாக்காத மாதிரி இரு. அவளே வருவா" என்றார். தரையில் உட்கார்ந்து பையைத் திறந்து துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் இருக்கும். என் முதுகில் ஒரு சின்னக் கை வந்து ஒட்டியது. தவழ்ந்து வந்திருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை அப்போது நான் தற்செயல் என்று நினைத்தேன். அத்தை பாப்பாவைத் தூக்கி டீப்பாயைப் பிடிக்க வைத்து நிறுத்தினார். என்னைப் பார்த்து, "நீ அங்க போய் உக்காரு. இன்னும் கொஞ்சம் தள்ளி. கைய நீட்டிக் கூப்பிடு" என்றார். "போனை எடுடா" என்று அவரிடம் சொன்னார். நான் "வா பாப்பா, வா" என்றேன். பாப்பா டீப்பாயிலிருந்து ஒரு கையை எடுத்தாள். அப்புறம் இன்னொன்றை. வயிற்றை முன்னால் தள்ளி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலைத் தரையில் ஊன்றி ஊன்றி நான்கு அடி வைத்தாள். ஐந்தாவது அடி என் மடியில் விழுந்தது. அவர் போனைப் பிடித்த கை ஆடியதால் அந்த வீடியோவில் பாதி நேரம் மின்விசிறிதான் தெரிகிறது. நான் கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. இப்போது மறுபடி பார்க்கும்போது ஓரத்தில் மாமா தெரிகிறார். எல்லோரும் பாப்பாவைப் பார்க்கும்போது அவர் மட்டும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டீப்பாயின் மூலைகள்

நான்கைந்து நாள் கழித்து டீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் நான்கு மூலைகளிலும் பழைய துண்டைக் கிழித்து, நான்காக மடித்து, செல்லோடேப்பால் இறுக்கி ஒட்டியிருந்தது. வந்த அன்றே பார்த்தேன்தான்; மனதில் பதியவில்லை. அன்றைக்குத் துணியை அழுத்தியபோது யோசனை வந்தது. பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தை மேசை விளிம்பிலிருந்து கையை எடுக்காது. மூலையில் போய் நெற்றியை இடித்துக்கொள்வது, அறை நடுவிலிருந்து கையை வீசிக்கொண்டு தள்ளாடி வருகிற குழந்தைதான். நாங்கள் கிளம்பியபோது இந்தத் துணி இல்லை. மாமா பக்கத்தில்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "இத எப்ப மாமா ஒட்டுனீங்க?" என்று கேட்டேன். "நீங்க வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி" என்று சொன்னவர், சொன்ன வேகத்திலேயே நிறுத்திக்கொண்டார். செய்தித்தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். மாமாவுக்குப் பொய் வராது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து வீடியோ காலில் பாப்பா எப்போதும் அத்தை மடியிலேயே இருந்தாள். "கீழ விடுங்களேன், விளையாடறதப் பாக்கறேன்" என்று நான் சொன்னபோது, "தூக்கக் கலக்கத்துல இருக்கா" என்று அத்தை சொன்னார். நாங்கள் வந்ததிலிருந்து அத்தை இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. பாப்பா முதலில் என்னிடம் நடந்து வரவில்லை.

முதலில் வந்தது கோபம்தான். மறைக்க மாட்டேன். நடந்ததை எடுத்துக்கொண்டதோடு, நடந்தது என்று தெரிந்துகொள்வதையும் எடுத்துக்கொண்டார்களே என்று இருந்தது. நான் கத்தியதும் அழுததும் ஒரு நாடகத்துக்குள் நடந்தது போல ஆகிவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இரவில் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, முதல் அடி என்றால் சரியாக எது என்று தேட ஆரம்பித்தேன்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துக் குறித்து, 2006இல் வெளியிட்ட அட்டவணை கிடைத்தது. துணையில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வந்தாலும் அது இயல்பு. நூற்றில் நான்கு குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகின்றன. அதில் 'நடந்தது' என்று எழுத ஒரு விதி வைத்திருந்தார்கள்: எதையும் யாரையும் தொடாமல், முதுகை நிமிர்த்தி, குறைந்தது ஐந்து அடி வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் என்னிடம் வைத்த நான்கு அடியும் சேராது. இன்னொன்றும் படித்தேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடோல்ஃபும் அவருடன் வேலை செய்தவர்களும், 12 முதல் 19 மாதம் வரை உள்ள குழந்தைகள் தம் இஷ்டத்துக்கு விளையாடும்போது எண்ணிப் பார்த்து 2012இல் எழுதினார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி, 17 விழுகை. நானும் மறுநாள் எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் பாப்பா ஆறு தடவை விழுந்தாள். ஐந்து தடவை யாரையும் பார்க்காமல் எழுந்தாள். ஆறாவது தடவை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அழுதாள்.

இந்த எண்களால் கொஞ்சம் அமைதி வந்தது. முதல் அடி என்று தனியாக ஒன்றைக் கிள்ளி எடுக்க முடியாது, அது பல நாள் பரவிக் கிடக்கிற விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது முழு உண்மை இல்லை என்றும் தெரிந்தது. வீட்டில் யாரோ ஒருவர் அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்கு அது ஒரே ஒரு நொடிதான்.

அத்தை சொன்னது

இப்படி இரண்டு நாள் போனபிறகு, ஒரு இரவு சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். "அத்தை, பாப்பா நாங்க வர்றதுக்கு முன்னாடியே நடந்துட்டாளா?" அத்தை குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது அவருக்கு.

நாங்கள் ஊருக்குப் போன இரண்டாம் நாள் சாயங்காலம் பாப்பா கையை விட்டு நின்றிருக்கிறாள். எதையும் பிடிக்காமல், பத்து எண்ணுகிற நேரம். அத்தைக்குப் புரிந்துவிட்டது, இனி எந்த நிமிஷமும் நடந்துவிடுவாள் என்று. "எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. போன் பண்ணி வரச் சொன்னா நீ அந்த நிமிஷமே கெளம்பிருவ. அஞ்சு நாள் தூங்கட்டும்னு அனுப்பிட்டு நானே எழுப்பறதா? அதான் தூக்கி வச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "தூக்கி வச்சுக்கிட்டீங்களா?"

"கீழ விட்டாத்தான நடப்பா?"

மூன்றாம் நாள் காலையிலிருந்து பாப்பா விழித்திருக்கும் நேரமெல்லாம் அத்தை அவளை இடுப்பிலேயே வைத்திருந்திருக்கிறார். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, போன் பேசும்போது. 9 கிலோ எடை. கை வலித்தால் மாமாவிடம் கொடுப்பார். "கீழ விட்டுறாதீங்க" என்று சொல்லிக் கொடுப்பார். தவழ வேண்டும் என்று அவள் திமிறினால் கட்டிலில் மெத்தை மேல் விடுவார். அங்கே நிற்கத்தான் முடியும், நடக்கக் கால் பதியாது. இதைச் சொல்லும்போது அத்தை எதையும் பெரிதாகச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் துணியை எடுத்துவைத்தேன் என்று சொல்வது போலச் சொன்னார்.

நான்காம் நாள் மாலை நிஜமாகவே மழை வரும் போல இருந்திருக்கிறது. அத்தை பாப்பாவை மாமாவிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார். மாமாவுக்கு முழங்கால் வலி. தூக்கி வைத்துக்கொண்டு நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தார். பாப்பாவைச் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் யோசிக்காமல் "வா" என்றார். யார்தான் சொல்ல மாட்டார்கள்? அவள் வந்துவிட்டாள். அத்தை துணி மூட்டையோடு கீழே இறங்கி வந்தபோது மாமா பாப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்தாராம். "ஏன் கூப்பிட்டீங்க? வான்னு ஏன் சொன்னீங்க?" என்று அத்தை சத்தம் போட்டிருக்கிறார். "நடந்து வந்தா பாரு, எங்கிட்ட நடந்து வந்தா" என்று மட்டும் மாமா திரும்பத் திரும்பச் சொன்னாராம். போனில் படம் பிடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். படம் எடுத்தால் ஒளிக்க முடியாது என்று அத்தை விடவில்லை. அன்றிரவு இருவரும் உட்கார்ந்து டீப்பாய் மூலைகளுக்குத் துணி ஒட்டினார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்கள்.

"எதுக்கு அத்தை இவ்வளவும்?" என்றேன்.

"இவன் நடந்தத நான் பாக்கல. வேலைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டம்மா தெருமுனை வரைக்கும் ஓடி வந்து சொன்னா. பாவம், சந்தோஷமாத்தான் சொன்னா. எனக்கு அவகிட்ட ஒரு மாசம் பேச்சே வரல."

முப்பத்து நான்கு வருஷம். அத்தை இதைத் தன் மகனிடம்கூடச் சொன்னதில்லை. நான் அவருக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுந்துபோய்த் தைலத்தை எடுத்து அத்தையின் இடுப்பில் தேய்த்துவிட்டார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

வருகை

மழை, துணி, நான்காம் நாள் மாலை. அன்றிரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அத்தை மாடிக்குப் போனது விளக்கேற்றும் நேரம் என்றார். அதே நேரம் நான் கடற்கரையில் இருந்தேன். கால் மணலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாவை ஒரு மணி நேரம் நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னேனே, அந்த மணி நேரத்துக்குள்தான் அவள் நடந்திருக்கிறாள்.

சில நாள் இது என்னைக் குத்தியது. நான் மறந்த நேரம் பார்த்து நடந்தாளே என்று. பிறகு வேறு ஒன்று மேலே வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் என் உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததற்குக் காரணம் கடல் இல்லை. என் 9 கிலோவை வேறொருவர் இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். நான் இறக்கி வைத்தேன், அவர் இறக்காமல் நின்றார். இது தெரிந்த பிறகு அந்த மாலையை என்னால் குற்ற உணர்ச்சியோடு நினைக்க முடியவில்லை. அப்படி நினைத்தால் அத்தையின் இடுப்பு வலியை வீணாக்கியது போல இருக்கும்.

பள்ளியில் பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாக ஒப்பித்தது நினைவிருக்கிறதா? காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. அப்போது அதைத் தேர்வுக்காக மட்டுமே படித்தேன். குழந்தை வந்த பிறகு பார்த்தால், வளர்ச்சி அட்டவணைதான் அது. செங்கீரை என்பது கையை ஊன்றித் தலை நிமிர்த்தி இளங்கீரை போல ஆடுவது. சப்பாணி என்பது உட்கார்ந்து கை கொட்டுவது. நடக்கத் தொடங்கும் பருவத்துக்கு 13ஆம் மாதம் என்பார்கள். தளர்நடை என்று ஓர் அருமையான சொல் தமிழில் இருந்தும் அந்தப் பருவத்துக்கு 'நடை' என்று பெயர் வைக்கவில்லை. வருகை என்று வைத்திருக்கிறார்கள். வாரானை என்றும் சொல்வதுண்டு. அந்தப் பருவத்துப் பாட்டு முழுக்க ஒரே வேலைதான்: குழந்தையை 'வருக, வருக' என்று கூப்பிடுவது. எதிரில் ஒருவர் உட்கார்ந்து கை நீட்ட வேண்டும், வா என்று சொல்ல வேண்டும். குழந்தை தன் பாட்டுக்கு நடப்பதில்லை, யாரிடமாவது வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் விதியில் யாரையும் தொடக்கூடாது என்று இருக்கிறது. எதிரில் இருந்தவர் யார் என்று எழுத அதில் இடம் இல்லை.

என் குறிப்பேட்டிலும் இடம் இல்லைதான். தேதி, நேரம், எத்தனை அடி. அவ்வளவுதான் அச்சிட்டிருந்தது. எனக்கு அந்தப் பக்கம் ஏன் நிரம்பவில்லை என்பது இந்தச் சொல்லை நினைத்த அன்று பிடிபட்டது. அதை எழுத வேண்டிய ஆள் நான் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு எவ்வளவோ நடந்தது. அடுத்த வாரமே பாப்பா இரவு முழுக்க எழாமல் தூங்கினாள். 'தாத்தா' என்று சொன்னாள். 'அம்மா' அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அத்தை போனில் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டு, இப்போது பாப்பா கொட்டாவி விடுவதைக்கூட எடுத்து அனுப்புகிறார். நானும் இரண்டு மணிக்கு விழிப்பதை நிறுத்தினேன். இவை எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன், அத்தையின் வீடியோ உட்பட.

போன ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டை எடுத்துப்போய் மாமா முன்னால் வைத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து பேனாவைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "நானா?" என்றார். "நீங்கதான மாமா கூப்பிட்டீங்க?" என்றேன். அத்தை சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். மாமா தேதியை எழுதினார். நாங்கள் திரும்பி வந்ததற்கு முந்தின நாளின் தேதி. அதன் கீழே 'மாலை, மழை வருவதற்கு முன்' என்று எழுதினார். பழைய காலத்துக் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி. 'எத்தனை அடி' என்ற இடத்துக்கு வந்ததும் 4 என்று போட்டார்.

"மூணுன்னுதான அன்னிக்குச் சொன்னீங்க?" என்றார் அத்தை.

"நாலு."

"நான் கீழ எறங்கி வந்ததும் கேட்டேன். மூணு அடி வச்சான்னுதான் சொன்னீங்க."

"பயத்துல சொல்லியிருப்பேன். நாலுதான். நீ பாத்தியா?"

அத்தை பதில் சொல்லவில்லை. மாமா கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு 4க்கு முன்னால் இருந்த இடத்தில் நெருக்கி '3 அல்லது' என்று சேர்த்தார். பாப்பா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, பேனாவைக் கொடு என்று கை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் கொடுத்தார். அவள் இழுத்த கோடு பக்கத்தின் விளிம்பைத் தாண்டி அவர் வேட்டி வரைக்கும் போயிற்று.